வான்யெக் சார் காட்டிய வெனிஸ்

வான்யெக் சார் எந்தக் கதவிலிருந்து வெளியே வந்தாலும் இடது பக்கம்தான் திரும்புவார். பீர்க்கடைக்கு வலது பக்கம் நாற்பது அடியில் அவர் வீடு. ஆனாலும் இடது பக்கம் திரும்பி, சதுக்கத்தை முழுக்கச் சுற்றி, தபால் நிலையத்தையும் தண்ணீர் வராத நீரூற்றையும் பார்வையிட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேருவார். என் சமையலறை ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்தது. வேறு வேலை இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

ஒருமுறை இறைச்சிக்கடை டுஷெக் காரணம் கேட்டார். தெளிவாக இருப்பவன் ஒவ்வொரு மூலையிலும் நின்று யோசிக்க மாட்டான் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. செக் நாட்டு மொராவியாவின் கடைசி மூலையில், ஒரு சர்க்கரை ஆலையும் ஒரு சதுக்கமும் சேர்ந்ததுதான் ஊர். எப்படித் திரும்பினாலும் வீடு வந்துவிடும்.

இருபத்தாறு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர் அவர். ஊரில் எல்லோரையும் எங்கெங்கோ அனுப்பினார். தான் போன அதிக தூரம் பக்கத்து நகரமான ப்ர்னோ, அதுவும் சிறுநீரகக் கல்லுக்காக. இருந்தாலும் எங்கள் ஊரில் வெனிஸைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் காட்டுவார்கள். போருக்கு முன்னால் அச்சான தடிமனான ஜெர்மன் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பக்கங்களைப் படம் பிடித்து ஸ்லைடு செய்து, மாதத்தின் முதல் வியாழக்கிழமை கலாச்சார மன்றத்தில் உரை நிகழ்த்துவார். பாதி ஸ்லைடுகளின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் தெரியும். "இப்ப நாம பெரிய சதுக்கத்துல நிக்கறோம்" என்பார். நாங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நிற்போம்.

ஸ்லைடு மாற்றுவது அவர் மனைவி ஒட்டிலியா. சார் இருமினால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். குளிர்காலத்தில் சளி பிடித்தால் வெனிஸ் படுவேகமாக ஓடும்.

கல்யாணத்தன்று அவர் ஒட்டிலியாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், ஒரு நாள் இருவரும் வெனிஸின் அந்தப் பெரிய சதுக்கத்தில் நிற்போம் என்று. அப்போது எல்லையில், யாரும் வெளியே போகாதபடி, முள்வேலி இருந்தது. முள்வேலி இருக்கும்வரை வாக்குக் கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. முப்பது வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் விழுந்தது, வேலியை வெட்டினார்கள். அடுத்த ஏப்ரலில் சர்க்கரை ஆலை வெனிஸுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்தது. ராத்திரி முழுக்கப் பயணம், பகலில் ஒன்பது மணி நேரம் வெனிஸ், மாலை ஆறுக்குத் திரும்பப் புறப்பாடு.

பயண நிறுவனம் ஒரு வழிகாட்டியும் தருவதாகச் சொன்னது. வான்யெக் சார் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, தானே வழி காட்டுவதாகச் சொன்னார். ஆலைக் கமிட்டி சந்தோஷப்பட்டது. வழிகாட்டி இலவசம்.

ஒட்டிலியா ப்ர்னோவுக்குப் போய் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி, அதில் கருநீல ரிப்பன் தைத்தார். அதை வட்டப் பெட்டியில் வைத்து, ஆஸ்திரியா முழுக்க மடியிலேயே சுமந்து வந்தார். பக்கத்து இருக்கை என்னுடையது. கேன்டீனில் சமைப்பவள் என்பதால் என் மடியில் ரொட்டிக்கு நடுவே வைத்த பன்றி வறுவல் டிரைவரையும் சேர்த்து நாற்பது பேருக்கு இருந்தது. வெளிநாட்டில் சாப்பாடு விற்பார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

"ஒரே ஒரு போட்டோ, மிலுஷ்," என்றார் ஒட்டிலியா. "அந்தச் சதுக்கத்துல, இந்தத் தொப்பியோட. வேற எதுவும் எனக்கு வேணாம்."

கேமரா கணவர் கழுத்தில் தொங்கியது.

காலை ஒன்பதுக்கு எங்களை இறக்கிவிட்ட டிரைவர் ஸ்லாவெக், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன், யார் வந்தார் யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இருக்கையைச் சாய்த்துத் தூங்கப் போனார். வான்யெக் சார் குடையை உயர்த்திப் பிடித்து நடந்தார். முதல் பாலம் இறங்கியதும் இடது பக்கம் திரும்பினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசினால் காது சிவந்துவிடும். பின்னாலேயே நடந்தேன்.

இடது, இடது, மறுபடி இடது. சந்து கால்வாயில் போய் முடிந்தால், அங்கேயே நிறுத்தி அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு சிறு உரை. பிறகு திரும்பி வந்து இடது. பத்தரை மணிக்கு ஒரு சிறிய முற்றத்துக்கு வந்தோம். நடுவில் இரும்பு மூடி போட்ட கல் கிணறு. மேலே கயிற்றில் துணி காய்ந்தது. ஒரு பச்சை இரவுச் சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. மூன்று ஜோடி குழந்தைக் காலுறை. ஓரத்து வீட்டுச் சுவரில் அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகை.

வான்யெக் சார் கிணற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். புறப்பட்டு இடது பக்கம் திரும்பினோம்.

பதினொன்றேகாலுக்கு ஒரு முற்றத்துக்கு வந்தோம். கல் கிணறு, இரும்பு மூடி. பச்சைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

பன்னிரண்டுக்கு மறுபடி. எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டாக வேண்டும். எனவே கிணற்றுப் படியைச் சுற்றி உட்கார்ந்து வறுவலைப் பிரித்தோம். ஒரு ஜன்னலில் இருந்து இரண்டு பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெனிஸில் அன்று முக்கியக் காட்சி நாங்கள்தான்.

டுஷெக் வாயைத் துடைத்துக்கொண்டார். "சார், இந்தக் கிணறு முந்தி பாத்த ரெண்டு கிணத்துக்கும் அண்ணனா, தம்பியா?"

"வெனிஸ்ல எல்லாக் கிணறும் ஒரே மாதிரிதான் கட்டுவாங்க."

"ஓ. சட்டையும் ஒரே மாதிரிதான் தைப்பாங்களோ?"

சிலர் சிரித்தார்கள். வான்யெக் சார் ரொட்டியை மெல்வதில் கவனமாக இருந்தார். அந்த மஞ்சள் பலகையைப் பார்த்துப் போகலாமே என்று யாரோ சொன்னபோது, பலகை எல்லாம் டூரிஸ்டுகளுக்கு, நாம் டூரிஸ்டுகள் இல்லை என்றார். தெரியாத ஊருக்கு ஒரு நாள் வந்து ரொட்டி தின்பவர்களுக்கு வேறு என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றேகாலுக்கு நான்காவது தடவை வந்து சேர்ந்தோம். இப்போது கயிறு காலியாக இருந்தது. துணி காய்ந்து, எடுத்துவிட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா டுஷெக்," என்று வான்யெக் சார் குடையால் மேலே காட்டினார். "இது வேற கிணறு."

டுஷெக் காலிக் கயிற்றை அண்ணாந்து பார்த்தார். மனுஷன் நன்றாகத்தான் மாட்டிக்கொண்டார்.

ஒட்டிலியா கிணற்றுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். புதுச் செருப்பு, இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. இனி நடக்க முடியாது என்று கணவரிடம் சொன்னார். நீ இங்கேயே இரு, மிலுஷ் துணைக்கு இருக்கட்டும், நகரக் கூடாது, நாங்கள் சதுக்கத்தைக் கண்டுபிடித்து, பிறகு இந்தப் பக்கம் வருவோம் என்றார் அவர்.

"அது மட்டும் நிச்சயம்," என்றார் டுஷெக்.

குடை இடது பக்கம் திரும்பி மறைந்தது. தொப்பிப் பெட்டி ஒட்டிலியாவின் மடியில் இருந்தது. காலையிலிருந்து அதன் முடிச்சு அவிழவில்லை. கொஞ்ச நேரம் அவர் அந்த முடிச்சையே பார்த்தார்.

"மிலுஷ், அந்த மஞ்சப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

எனக்கு முதல் தடவையே தெரியும். ஸ்லைடுகளின் அடியில் மாதாமாதம் பார்த்த எழுத்துதான், கட்டைவிரலுக்கு இந்தப் பக்கம். சதுக்கத்தின் பெயர். அம்பு வலது பக்கம் காட்டியது.

சொன்னேன். காது சிவந்தது.

ஒட்டிலியா செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை, கையில் எடுத்துக்கொண்டார். காலுறையோடு நடந்தோம். ஒரு பலகை, அடுத்த பலகை, இரண்டு பாலம், ஒரு வளைவு. என் கைக்கடிகாரத்தில் ஒன்பது நிமிடம்.

அந்தச் சதுக்கத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது, கட்டைவிரல் மட்டும் இல்லை. ஒட்டிலியா செருப்பை மாட்டி, முடிச்சை அவிழ்த்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவரிடமும் கேமரா இல்லை.

உடனே படம் வெளியே வரும் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் புறாக்களுக்கு நடுவே நின்றார். விரல்களைக் காட்டி விலை சொன்னார். எங்களிடம் இருந்த இத்தாலிய லிராவை எல்லாம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினோம். இரக்கத்தோடு தலையாட்டினார், இல்லை என்று. அப்புறம் அவர் மூக்கு என் பையின் பக்கம் திரும்பியது. மீதி ஒரே ஒரு வறுவல் இருந்தது, ஊறுகாயோடு. கொடுத்தேன். கடித்துப் பார்த்தார், இன்னொரு கடி கடித்தார், விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார். எங்கள் நாட்டுச் செலாவணியை மேற்கு ஐரோப்பாவில் ஒருவர் மதித்ததை அன்றுதான் பார்த்தேன்.

படம் மெதுவாகத் தெளிந்தது. தேவாலயம் பாதிதான் வந்திருந்தது. தொப்பி முழுசாக வந்திருந்தது.

கிணற்றடிக்குத் திரும்பும் வழியில் வான்யெக் சாரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். எல்லோரையும் கூட்டி வந்து காட்ட இன்னும் நேரம் இருந்தது. ஒட்டிலியா ஒரு பாலத்தின் மேல் நின்றுவிட்டார்.

"முப்பது வருஷமா எனக்கு இந்த இடத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கார், மிலுஷ். ஒன்பது நிமிஷத்துல போயிட்டு வந்துட்டேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

படத்தை என் பையில் போட்டார். தொப்பியைப் பெட்டியில் வைத்து, அதே முடிச்சைப் போட்டார்.

நாங்கள் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் குடை வலது பக்கச் சந்தில் இருந்து வந்தது. பின்னால் முப்பத்தாறு பேர் வரிசையாக, சவ ஊர்வலம் மாதிரி. வான்யெக் சாரின் முகம் பழுத்திருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. மனைவியை அனுதாபத்தோடு பார்த்தார்.

"பாவம், இங்கயே உக்காந்துட்டே. நிறைய விட்டுட்டே, ஒட்டிலியா."

"என்ன பாத்தீங்க?" என்றார் ஒட்டிலியா.

அவர் குடையை மடக்கினார். பிறகு சந்துகளைப் பற்றிச் சொன்னார், யாரும் போகாத வெனிஸைப் பற்றி, உண்மையான வெனிஸைப் பற்றி. ஒட்டிலியா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கணவர் ஒருமுறை இருமினார். ஸ்லைடு பொத்தான் இல்லாத இடத்தில் ஒட்டிலியாவின் கட்டைவிரல் அசைந்ததை நான் பார்த்தேன்.

மணி நாலேமுக்கால். குடை மறுபடி உயர்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டுஷெக் தன் பெண்டாட்டியிடம் வெனிஸிலேயே ஒரு இறைச்சிக்கடை போட்டுக்கொள்ளலாம், இந்தக் கிணற்றடியிலேயே போடலாம், வாடிக்கையாளர்கள் தவறாமல் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டிலியா எழுந்து, தனக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டும், பஸ் நிற்கும் இடத்தில்தான் நல்லது இருக்கும் என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே பஸ் நிலையத்தைக் காட்டும் மற்றொரு மஞ்சள் பலகையைப் பார்த்து நடந்தார். பெண்ணின் அவசரத்தைத் தடுப்பது மரியாதை இல்லை. முப்பத்தெட்டு பேரும் பின்னால் போனோம். வான்யெக் சார் கடைசியில் வந்தார், வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி தயங்கினார்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பஸ்ஸில் ஏறினோம். அவர் மைக்கை வாங்கினார். ஏப்ரலில் பெரிய சதுக்கம் வெறும் கூட்டமும் புறா எச்சமும்தான், வேண்டுமென்றேதான் உங்களை அங்கே கூட்டிப் போகவில்லை என்று அறிவித்தார். யாரோ கை தட்டினார்கள். பெரும்பாலும் தூங்கிவிட்டார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்திரிய எல்லை வரை அப்படியே இருந்தார். ஒட்டிலியா இந்த முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் தொப்பிப் பெட்டியையும் ஒரு கையால் அவர் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வான்யெக் சாருக்கு எழுபத்தாறு. முதல் வியாழக்கிழமை உரை இன்னும் நடக்கிறது, எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் மன்றத்தின் கணப்புக்காக. நேரில் போய்வந்தவர் என்பதால் குரலில் உறுதி கூடியிருக்கிறது. இயந்திரம் தானாக ஸ்லைடு மாற்றுகிறது, அதனால் ஒட்டிலியாவுக்கு அந்த மாலை ஓய்வு. அவர் என் வீட்டுக்கு வருவார். நான் காப்பி போடுவேன். அலமாரியில் மேஜை விரிப்புகளுக்கு அடியில் இருந்து படத்தை எடுத்துக் கொடுப்பேன். ஓரம் மஞ்சளாகிவிட்டது, தொப்பி நன்றாகத் தெரிகிறது. எட்டு மணிக்கு நாங்கள் ஜன்னலில் பார்ப்போம். வான்யெக் சார் எதிரே மன்றத்துக் கதவைத் திறந்து வெளியே வருவார், இடது பக்கம் திரும்புவார். அவர் சதுக்கத்தைச் சுற்றி முடிப்பதற்குள் ஒட்டிலியா படத்தை விரிப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்.