இரண்டு பக்கமும் எழுதிய பலகை

பதாகை அடித்துக் கொடுப்பவர்களுக்குத் தெரியும், ஊருக்குக் கோபம் வந்தால் எங்கள் மெஷினுக்கு ஓய்வில்லை. என்னைப் போலக் கடை வைத்து மாரடிப்பவர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். மெல்பேர்ண் புறநகரான ட்ருகனினாவில் நானும் கணவர் சிவாவும் நடத்துகிற சின்னக் கடைக்குள், பிறந்தநாள் பதாகைகளுக்கு நடுவே, அமெரிக்க அரசியல் வந்து புகுந்த கதை இது.

எது முன்பக்கம்?

மெல்பேர்ணில் வாழும் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு அரசாங்கத்தைக் கண்டித்து நகரத்தில் கூட்டம் வைக்க ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பாளர் கிரெக். அமெரிக்காவில் எதிர்க்கட்சிக்காக ஓடியோடி உழைத்தவர். கூட்டத்துக்கான அட்டைகள் முழுவதையும் எங்களிடம்தான் தந்தார்.

இரண்டொரு நாளில் லோரா வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், அதே கூட்டத்துக்குப் போகிறவர். தனக்குத் தனிப் பலகை வேண்டும், இரண்டு பக்கமும் எழுத்து வேண்டும் என்றார். ஒரு பக்கம் ஆளும் கட்சிக்கு: ‘நாடு உங்கள் வீட்டுச் சொத்து இல்லை.’ மறுபக்கம் எதிர்க்கட்சிக்கு: ‘நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்?’

“நீங்கள் எந்தக் கட்சி?” என்று கேட்டேன். ஒரு கட்சியில் பல காலம் இருந்தாராம். அது செய்தது பிழை என்று சொன்னதும் கூட இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து சுயேச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிவாவுக்கு வேலைதான் கண்ணில். எது முன்பக்கம் என்று கேட்டார்.

“என் முன்னால் யார் நிற்கிறார்களோ, அவர்களைத் திட்டுகிற பக்கம்” என்றார் லோரா.

கிரெக்கின் போன்

விஷயம் கிரெக்கின் காதுக்குப் போய்விட்டது. “அந்தப் பலகையில் எதிர்க்கட்சியைப் பற்றிய பக்கத்தை வெறுமையாக விடுங்கள். லோராவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்று போனில் சொன்னார்.

“விட்டிடுவம் வாணி. அவர் தந்தது பெரிய ஓடர். எங்களுக்கேன் அமெரிக்காக்காரற்றை சண்டை?” என்றார் சிவா. ஊரில் நோட்டீஸ் ஒட்டப் போய் அடிவாங்கியவர் அவர். அவருடைய பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் கிரெக்கைத் திரும்ப அழைத்தேன். “பலகை லோராவுடையது. அவர் சொன்னால் வெறுமையாக விடுவேன். நீங்கள் சொன்னதற்காக விட முடியாது” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஓடர் போய்விட்டது என்றே நினைத்தேன். சிவா எழும்பிப்போய்ப் பலகையை மெஷினில் திருப்பி வைத்தார்.

“சரி, மற்றப் பக்கத்தையும் அடிப்பம். எழுத்துப்பிழை பாத்தனீரோ?”

காற்று

கிரெக் ஓடரை நிறுத்தவில்லை. கூட்டத்தன்று எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கினோம். கிரெக் வந்து தன் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். கோஷம் எழும்பியதும் எனக்குக் கால் நகரவில்லை. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். சிவா பக்கத்தில் நின்று சிரித்தார்.

லோராவைச் சுற்றி ஒரே வாக்குவாதம். கிரெக்கும் வந்து விரலை நீட்டி நீட்டிச் சண்டை பிடித்தார். லோரா அசையவில்லை. நடுவில் அவருக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது. பலகையைச் சாய்த்து வைக்க இடமில்லை, காற்று வேறு பிய்த்துக்கொண்டு அடித்தது. வேறு யாரும் கை நீட்டுமுன் கிரெக் பலகையின் கம்பை வாங்கிக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து நின்றது அவருடைய கட்சியைத் திட்டுகிற பக்கம்.

அவருடைய நண்பர் ஒருவர் ஓடிவந்து, “நீயுமா?” என்று கேட்டார்.

கிரெக் கம்பை இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்: “இதில் எழுதியிருப்பது முழுப் பிழை. ஆனால் லோரா வரும்வரைக்கும் இது நிமிர்ந்துதான் நிற்கும்.”

வாடிக்கையாளர் எழுதித் தருவதை வாசிக்காமல் அச்சடிப்பதுதான் இந்தத் தொழிலில் நிம்மதிக்கு வழி என்பார்கள், எனக்கு அந்த நிம்மதி கிடைக்கப்போவதில்லை.