என் மகள் பெயரில் ஓடிய ஆறு

காலை பத்து நாற்பதுக்கு வங்கியில் தொலைபேசி அடித்தது. மேலாளர் எடுத்துக் கேட்டுவிட்டு, "ஸ்கூல்ல இருந்துங்க" என்று ரிசீவரை என் பக்கம் நீட்டினார். எழுந்துபோய் வாங்குவதற்குள் வேன் கவிழ்ந்தது, மாடிப்படியில் விழுந்தது, ரத்தம், ஆஸ்பத்திரி எல்லாம் என் மனதில் நடந்து முடிந்துவிட்டன. பள்ளி அலுவலகப் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினார். உங்கள் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், தாளாளர் ஐயா உடனே வரச் சொன்னார், அவ்வளவுதான் என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "நேர்ல பேசிக்கலாமுங்க" என்று வைத்துவிட்டார்.

என் கணவருக்கு அப்போது ஓசூரில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பல்லடம் பஸ்ஸில் ஏறினேன். அன்று பயத்தோடு போனேன். இப்போது அந்த நாளை நினைத்தால் அருவருப்புத்தான் வருகிறது.

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம் அது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அந்த வட்டாரத்தில் முதன்முதலாக இன்டர்நெட் வந்த பள்ளி எங்களுடையதுதான் என்று அட்மிஷன் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்குத்தான் அந்தப் பள்ளியிலேயே ஏசி. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மானிட்டர்கள்மேல் வருஷம் முழுக்க இருக்கும். இன்டர்நெட் போட்டால் பள்ளிக்கூடத்து ஃபோன் வேலை செய்யாது. அதனால் அறிவியல் டீச்சர் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் கனெக்‌ஷன் போடுவார். அந்தக் கரகரப்புச் சத்தம் முடிந்து பக்கம் திறக்கும்வரை பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கும். ஒரு மலை முழுதாகத் தெரிவதற்குள் மணி அடித்துவிடும் என்று என் மகள் சிரிப்பாள்.

அந்த டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பூமி சூடாகிறது என்பதை அவர் பாடப்புத்தகத்தில் நடத்தவில்லை. பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய ஒரு வெப்சைட்டில் எங்கள் பள்ளியையும் சேர்த்துவிட்டார். அந்தந்த ஊர்க் குழந்தைகள் அவரவர் ஊர் வெயிலையும் மழையையும் ஆற்றையும் அளந்து அதில் எழுதவேண்டும். மற்ற ஊர்க் குழந்தைகள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். குளிர்நாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து, எங்கள் ஏரி முன்புபோலச் சீக்கிரம் உறைவதில்லை, சறுக்கி விளையாடக் காத்திருக்கவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். என் மகள் அதை இரவு சாப்பாட்டின்போது நாலு தடவை சொன்னாள். பனி விழுந்தே பார்க்காத பெண், யாரோ ஒரு ஊர் ஏரிக்காக வருத்தப்பட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

தாளாளருக்கும் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் அறைத் திறப்புவிழாவில் அவர் பூமி சூடாவதைப் பற்றி நீளமாகப் பேசினார். வெளிநாட்டுக்காரர்கள் விடுகிற புகையில் நம் பிள்ளைகளின் எதிர்காலம் கருகுகிறது என்றபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அவருடைய சாயப்பட்டறை திருப்பூருக்குப் பக்கத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டி இருந்தது. அது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். குற்றவாளி தூர தேசத்தில் இருக்கும்வரை சுற்றுச்சூழல் பாடம் ரொம்ப நல்ல பாடம்.

டீச்சர் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். நிறம் மாறும் தாளும் தெர்மாமீட்டரும் கொண்டுபோனார்கள். ஆறு அன்று கத்திரிப்பூ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மகள் வீட்டுக்கு வந்ததும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாக்ஸைத் துவைத்தபோது பக்கெட் தண்ணீர் நிறம் மாறியது. நான் அந்த சாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். நிறம், நாற்றம், தாள் காட்டிய அளவு, கரையில் என்ன செத்துக்கிடந்தது எல்லாம். ஆங்கிலம் அவளுக்கு நன்றாக வரும் என்பதால் பள்ளியின் சார்பில் எழுதும் மாணவி என்று அவள் பெயரையே டீச்சர் பதிந்திருந்தார். பாஸ்வேர்டு டீச்சரிடம் இருந்தது.

அதற்குப்பின் அந்தப் பக்கத்தைப் பெரியவர்கள் யாரும் படிக்கவில்லை. ஃபோன் வந்த அன்று காலையில் தாளாளரிடம் துணி வாங்கும் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். ஷூவைக் கழற்றச் சொல்லி அவரை உள்ளே அழைத்துப்போய், எங்கள் பிள்ளைகள் உலகத்தோடு பேசுகிறார்கள் பாருங்கள் என்று தாளாளரே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். வியாபாரி குனிந்து பொறுமையாகப் படித்தார். பிறகு, இந்த ஆறு உங்கள் பட்டறைப் பக்கம்தானே போகிறது என்று கேட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வியாபாரி கிளம்பியிருந்தார். தாளாளர் அறையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் சுவரோரம். தாளாளர் எழுந்து என்னை வணங்கினார். காபி வரவழைத்தார். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னமும் என் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"உங்க மாமனாரு நம்ம தோட்டத்துலதானுங்களே இருந்தாரு," என்று ஆரம்பித்தார். "தங்கமான மனுசன். நிமிந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அவரு பேத்தி இன்னைக்கு கம்ப்யூட்டர்ல இங்கிலீசு எழுதுது. எனக்கு அதுல சந்தோசந்தானுங்க."

என் மாமனார் கூலிக்கு உழுததும், என் கணவர் அந்தத் தோட்டத்து மோட்டார் அறை வெளிச்சத்தில் படித்ததும் எங்களுக்கு மறைக்கவேண்டிய விஷயமில்லை. ஆனால் அதை அவர் காபியோடு சேர்த்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

பிள்ளைகள் ஏதோ தப்பாக அளந்துவிட்டார்கள், மறுபடி அளந்து திருத்திப் போட்டால் போதும் என்றார். வாசலில் நின்ற பள்ளி ஆயாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஆயா ஒரு தட்டில் பாட்டிலை வைத்துக் கொண்டுவந்தார். அதன்மேல் "ஆற்று நீர்" என்று எழுதி ஒட்டியிருந்தது. பாட்டிலின் வெளிப்புறம் முழுக்க வியர்த்திருந்தது.

என் மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு இருக்குங்க சார்," என்றாள்.

அந்தப் பள்ளியில் தாளாளருக்குக் குடிக்கத் தினமும் கோயமுத்தூர் வீட்டிலிருந்து சிறுவாணித் தண்ணீர் காரில் வரும். அதை அலுவலக ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். வருகிற பெரிய மனிதர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். நல்ல தண்ணீர் கொண்டுவா என்று சொன்னதும் ஆயா வழக்கம்போல ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார். விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல ஆற்றை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே நின்ற படித்தவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. டீச்சர் தெர்மாமீட்டரை அதில் விட்டு, அது காட்டியதை அப்படியே குறித்துக்கொண்டார்.

"இது ஆறு இல்லீங்க சார். இத நான் எழுதமாட்டேன்," என்றாள் மகள்.

தாளாளர் அவளிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினார். "ஊட்டு அழுக்க யாராச்சும் ஊருக்குக் காட்டுவாங்களாங்க? நாலு நாள் ஊட்டுல வெச்சுப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அடுத்த வருசம் பத்தாவது. நடுவுல டிசிய வாங்கிட்டு எங்கீங்க அலையறது?"

பள்ளி வாசல்வரை டீச்சர் பின்னால் வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அனுசரிச்சுப் போங்கக்கா. ஒரே ஒரு பேஜ்தானே. அத யாரு பாக்கறாங்க," என்றார். குழந்தைகளை உட்காரவைத்து, உலகமே நம்மைப் பார்க்கிறது, அதனால் உண்மையை எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

வீட்டில் நான் மகளிடம் பேசிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு என்றால் எங்கள் வீட்டில் அது வெறும் பரீட்சை இல்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு பெண் அதைத் தாண்டிப் போனால் அதற்குப்பின் வருகிறவர்களுக்கும் வழி கிடைக்கும். நான் அப்படித்தான் வந்தேன். பக்கத்தில் வேறு நல்ல பள்ளி இல்லை, நடு வருஷத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "அந்த ஊருப் பிள்ளைங்க என்னைய நம்பிக் கேள்வி கேக்கறாங்கம்மா," என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை வந்த அவள் அப்பா முழுக்கதையும் கேட்டார். தன் அப்பாவைப் பற்றித் தாளாளர் பேசியதைச் சொன்னபோது எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். போய் என்ன செய்துவிட முடியும் என்று தெருமுனையிலிருந்தே திரும்பி வந்துவிட்டார்.

அவள் எழுதாவிட்டால் என்ன, பாஸ்வேர்டுதான் டீச்சரிடம் இருக்கிறதே. மறுவாரம் காலைப் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். திறப்புவிழாவில் எடுத்த படம், இரட்டைச் சடையும் ரிப்பனுமாக. நொய்யல் தூய்மையாகி வருவதாகப் பள்ளி மாணவி இன்டர்நெட் மூலம் உலகுக்கு அறிவித்தார் என்று போட்டு, பெயரும் போட்டிருந்தார்கள். காலையிலேயே எதிர்வீட்டுக்காரர் இனிப்பு கேட்டார். வங்கியில் மேலாளர் என்னை நிற்கவைத்துப் பாராட்டினார். நான் தலையாட்டினேன். வாய்க்குள் சோப்புத் தண்ணீர் போன மாதிரி இருந்தது.

அன்றே பள்ளியிலிருந்து ஃபோன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பிள்ளையை அனுப்புங்கள், ஐயா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம்.

மகள் போகவில்லை. நோட்டு கொடுக்க வந்த அவள் தோழி சொல்லித்தான் மீதி தெரிந்தது. குளிர்நாட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டிருந்தார்களாம். உங்கள் ஊர் இவ்வளவு வெயில், ஆறு மட்டும் எப்படி இத்தனை குளிராக இருக்கிறது, மேலே எங்காவது பனிமலை இருக்கிறதா, இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சுத்தம் செய்தீர்கள், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று. கேள்விகள் எல்லாம் என் மகள் பெயர் சொல்லித்தான். வகுப்பில் அவளுக்கு ஐஸ் ஆறு என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்று தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். மகளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. திங்கட்கிழமை போய்விடு கண்ணு, வாயை மூடிக்கொண்டு பத்தாவது முடிகிறவரை ஓட்டிவிடு என்று தினமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஓசூர் பஸ்ஸுக்காக என் கணவர் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது.

"ஏனுங்க, பேப்பர்ல வந்த அம்மணி ஊடு இதுங்களா?"

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய தம்பியாம். பாராட்ட வந்தவர்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பள்ளி வேன் டிரைவரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். திருப்பூருக்குக் கீழே ஆற்றங்கரையில் அவர்கள் ஊர். கிணறெல்லாம் கெட்டுப்போய், லாரியில் வருகிற தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அதுவும் நாள்விட்டு நாள்தான் வருகிறது, தினமும் விடுங்கள் என்று ஊரே திரண்டு, லாரி அனுப்புகிற ஆபீசரைப் பார்க்கப் போயிருக்கிறது. ஆபீசர் மேசையில் பேப்பரை விரித்து என் மகள் படத்தைக் காட்டி, ஆறே சுத்தமாகிவிட்டதாம், படித்த பிள்ளை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறது, உங்களுக்கு இனி லாரி எதற்கு என்று கேட்டாராம். இதையெல்லாம் அந்தப் பெண் கோபமே இல்லாமல், வரிக்கு வரி 'ங்க' போட்டுச் சொன்னார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மகள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கதவருகில் நின்றிருந்தாள். "அத நான் எழுதலீங்க. நான் எழுதினது வேற. அவங்க என் பேருல மாத்திட்டாங்க," என்றாள்.

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினார். "சரீங்க கண்ணு. எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? ஆபீசருக்குச் சொல்லுங்க. எழுதிக் குடுங்க, நான் கொண்டுபோறனுங்க."

மகள் என்னைப் பார்த்தாள். கூட அவள் அப்பாவையும். அவள் என்ன கேட்கிறாள் என்பதும், அதை எழுதினால் நாளைக்கு அந்த யூனிஃபார்முக்கு வேலை இருக்காது என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் கணவர் பையைக் கீழே வைத்தார். நான் அலமாரியைத் திறந்து வெள்ளைத் தாள் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். ஆற்றுக்குப் போன அன்று கண்ட நிறம், நாற்றம், தாள் காட்டிய அளவு, அப்புறம் பாட்டிலில் இருந்தது எந்தத் தண்ணீர் என்பது. எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண் நின்றபடியே இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது. குனிந்து தாளைப் பார்த்து, "பேரு போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். மகள் தாளின் அடியில் விரல் வைத்துக் காட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங்க அம்மணி," என்றார் அவர். "ஆபீசரு கண்ணுக்குத் தெரியோணும்."