கால்புண்ணுக்கு முழு மார்க்

சுனாமிக்கு அடுத்த கோடை. மரக்காணத்து உப்பளங்களில் வெயில் மேலிருந்து விழும், கீழிருந்தும் எழும். நடுவில் மனிதர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு நடமாடினார்கள். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்காத நான் அப்போது ஒரு சின்ன கிளினிக்கில் கேள்வி கேட்கும் வேலையில் இருந்தேன். ஆறாத கால்புண்ணோடு வருஷக்கணக்காக இருப்பவர்கள் அதற்கு எந்த அளவுக்குப் பழகிவிட்டார்கள் என்று அளக்க வேண்டும். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்து வரை மார்க்.

நிறைய வாங்கியவர் நன்றாகப் பழகிவிட்டவர். அவருக்கு மாதம் ஒருமுறை கட்டு மாற்றினால் போதும். குறைவாக வாங்கியவர் திணறுகிறவர். அவருக்கு வாரா வாரம். இதை நோயாளிகளிடம் சொல்லக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. சொன்னால் ஊரே திணறும் என்றார்.

முதலில் வந்தவர் மளிகைக்கடை பாய். துபாயில் பல வருஷம் நின்றே வேலை பார்த்துவிட்டு, காலில் நரம்பு சுருண்டு புண்ணோடு திரும்பியவர்.

“புண்ணால விசேஷங்களுக்குப் போறத நிறுத்திட்டீங்களா பாய்?”

“போன வாரம் ஒரு நிக்காஹ்வுக்குப் போனேன் சார். ஒரு பெரிய தட்டுல நாலு பேர் சேந்து சாப்பிடணும். என் காலப் பாத்துட்டு மூணு பேரும் எழுந்து போயிட்டானுங்க.”

“அப்புறம்?”

“நாலு பேர் பிரியாணியயும் நான் ஒருத்தனே சாப்பிட வேண்டியதாப் போச்சு. எவ்ளோ கஷ்டம் பாருங்க.”

நிஜமாகவே கண் கலங்கினார். சைபர் போட்டேன்.

அடுத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா. கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். பெஞ்சு நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார்.

“வலி தூக்கத்தக் கெடுக்குதாக்கா?”

“படுத்தா பொணம் சார். கூரை பிச்சிக்கினு போனாலும் தெரியாது.”

“வேலைக்கு இடைஞ்சலா இருக்குதா?”

“இன்னா இடைஞ்சல்? அது பாட்டுக்கு அது இருக்குது, நான் பாட்டுக்கு நான் இருக்கிறேன்.”

நூற்றுக்கு நூறு. புண்ணோடு குடித்தனம் நடத்தத் தெரிந்த ஞானி என்று என் சொந்த நோட்டில் நாலு வரி உருகி வேறு எழுதினேன்.

மறுவாரம் நர்ஸ் மார்க் பட்டியலைப் படித்தார். “நான்தான் ஃபஸ்ட்டா?” என்று அக்கா சிரித்தார். அடுத்த மாதம் வந்தால் போதும் என்றதும் சிரிப்பு நின்றுபோனது.

“அதுக்குள்ள கால் அழுவிடும் சிஸ்டர். வாராவாரம் நீங்க கழுவிக் கட்றதாலதான் அளத்துல நிக்கிறேன்.”

பாய் குறுக்கே புகுந்தார். “ஏம்மா, ரெண்டு சொட்டு அழுதிருக்கக் கூடாதா? என்னப் பாரு.”

“நீங்க கல்லாவுல குந்திக்கினு அழுவீங்க பாய். நான் அழுதா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் டிக் அடித்த தாள் நேராக மேஸ்திரி கைக்குப் போகும் என்று நினைத்து, வேலைக்கான தேர்வாகவே அக்கா அதை எழுதியிருக்கிறார்.

“இது இந்த பீரோவ விட்டு எங்கயும் போவாதுக்கா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?”

சொல்லவில்லை. தப்பு என்னுடையது. மறுபடி கேட்கிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றேன். போட்ட மார்க்கை மாற்றக்கூடாது என்றார். மார்க்கைத்தானே மாற்றக்கூடாது?

மறுநாள் விடியும்போதே அளத்துக்குப் போனேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து காலைத் தயார் செய்துகொண்டிருந்தார். தேங்காயெண்ணெய் தடவினார். பழைய புடவைத் துணியைச் சுற்றினார். அதன்மேல் இரண்டு பால் கவர், கவருக்கு மேல் சைக்கிள் டியூபை வெட்டிய வளையம். பாத்தியில் இறங்கி, புண் காலைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு காலிலேயே கனம் தாங்கி உப்பை வாரினார். கரையேறும்போதெல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

“குடிக்க வச்சிக்கலயாக்கா?”

“மொதல்ல அது குடிக்கட்டும் சார். மிச்சம் இருந்தா எனக்கு.”

எல்லாவற்றையும் அவருடைய தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். உவமை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. எனக்கு அது பெரிய விரதம்.

டாக்டர் பின்பக்கத்தைப் படித்தார். முன்பக்கத்தைத் திருப்பி நூற்றைப் பார்த்தார். மறுபடி பின்பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வாரா வாரம் வரச் சொல்லுங்க” என்றார். மார்க்கை மாற்றவில்லை.

அடுத்த புதன்கிழமை அக்கா தனியாக வரவில்லை. கூட அளத்துப் பெண்கள் மூன்று பேர். மூவருமே புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூவர் காலிலும் பால் கவர்.

“இவங்களுக்கு முன்பக்கம்லாம் வேணாம் சார்” என்றார் அக்கா. “நேரா பின்பக்கத்துலயே எழுதுங்க.”

டாக்டர் என்னை முறைத்தார். நர்ஸ் அதற்குள் மூன்று தாளையும் கவிழ்த்து வைத்துவிட்டார்.