மாடம்பாக்கத்து வீட்டில் தங்கிவிட்ட புத்தகம்

எண்பதுகளின் கடைசியில் நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். பெட்டியில் பூக் கட்டுகிறவர்களும் கீரை ஆய்கிறவர்களும் உண்டு. நான் படிப்பேன். படித்ததை என்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாது. பல்லாவரம் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவளிடம் கதையைச் சொல்லி, பரங்கிமலை தாண்டுவதற்குள் புத்தகத்தை அவள் பைக்குள் திணித்துவிடுவேன்.

கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடக்கும் குடும்பத்தைப் பற்றிய நாவல் ஒன்று இருந்தது. திரிசூலம் பக்கம் வெட்டுண்ட குன்றுகள் தெரியும்போது அதை எடுத்துக் கொடுத்தால் போதும், சிபாரிசே தேவையில்லை. தோல் பதனிடும் ஊர்களில் கிணறுகள் கெட்டுப்போனதைப் பற்றிய நூலை ஒரு குரோம்பேட்டை அம்மாவிடம் கொடுத்தேன். "எங்க வூட்டுக் கெணறும் இப்படித்தாம்மா மஞ்சளா கீது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து தாம்பரத்தில் ஏறும் பெண் ஒருத்தி எப்போதும் என் எதிரே உட்காருவாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதிகம் பேச மாட்டாள். அன்று என் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா புக்கு அது?"

ஸ்டவ் வெடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்ட மருமகள்களைப் பற்றிய நூல் அது. எழுதியவர் ஊர் ஊராகப் போய், தீக்காய வார்டில் கிடந்தவர்களிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் கேட்டு எழுதியிருந்தார். போலீஸ் எதை விட்டது, கோர்ட் எதைப் பிடித்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. சொன்னேன். அவள் முகம் மாறியது.

"நான் எடுத்துக்கவா?"

"பயமா இருக்கும்மா. பாத்துப் படி."

"பயம்லாம் பழகிடுச்சுக்கா" என்றாள். கிண்டி வந்துவிட்டது, இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ரயிலுக்கு வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். மறுவாரமும் எதிர் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அவளோடு வேலை செய்கிற பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "வீட்டுக்காரர் போன் பண்ணி உடம்பு சரியில்லைன்னாராம். அவ பேசலை" என்றாள். விலாசம் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். மத்தியான வெயிலில் மாடம்பாக்கத்தில் இறங்கி, கோயில் மதிலைத் தாண்டி விசாரித்துக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்தில் காலி மனைகள். தனியாக நின்ற வீடு. திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் கதவைத் திறந்துவிட்டாள்.

"யாரும்மா?"

"கூட ரயில்ல வர்றவ. உடம்பு சரியில்லைன்னாங்க, பாத்துட்டுப் போலாம்னு..."

"ஓ, புக்கு குடுக்கிறவளா?" என்று உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

அவள் புருஷன் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தேன். சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம். காபி சாப்பிடுங்க."

பிறகு டி.வி. மேலிருந்து என் புத்தகத்தை எடுத்தான். அட்டை மடங்கியிருந்தது. நடுநடுவே பக்கங்களின் முனை மடிக்கப்பட்டிருந்தது.

"நல்ல புக்கு மேடம். அவ முடிக்கலை, நான்தான் முழுசா படிச்சேன். யாரு யாரு எங்கெங்க மாட்டிக்கினாங்கன்னு வெவரமா போட்டுக்கீறாங்க, இல்ல?"

இத்தனை வருஷம் புத்தகம் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு வாசகனை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். காபி டவராவில் சிந்திக்கொண்டிருந்தது. அவள் முந்தானை பக்கத்தில் வந்தபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஸ்டவ்வில் சமைக்கிற யார் மேலும் அடிக்கிற வாடைதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் படித்ததெல்லாம் என் கண்முன் வந்தது.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க கம்பெனியில ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணுமாம், இன்னைக்கே. கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஸ்டேஷன்ல நம்ம பெட்டிக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. நாம வரலைன்னா இங்க வந்துடுவாங்க."

அத்தனையும் பொய். அவன் என்னையே பார்த்தான். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டாள். நானும் எழுந்து பின்னாலேயே ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பை நோக்கி வேகமாக நடந்தோம். பின்னால் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அது எங்களை முந்தவில்லை, நாங்கள் நடக்கும் வேகத்துக்கே உறுமிக்கொண்டு வந்தது. சூடான ரோட்டில் அவள் வெறுங்காலோடு நடந்தாள், என் விரல்களை நசுங்கிப்போகும்படி பிடித்திருந்தாள். பஸ் வந்து ஏறிய பிறகும் தாம்பரம் வரை ஸ்கூட்டர் கூடவே வந்தது. அங்கே கூட்டத்துக்குள் புகுந்து படப்பை பஸ்ஸைப் பிடித்தோம். படப்பையில் அவள் அண்ணன் வீடு. அவரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"சமையல் பண்ணும்போதெல்லாம் பின்னாடி வந்து நிப்பான்க்கா" என்றாள். "ஒண்ணும் பண்ண மாட்டான். அந்தப் புக்கை வச்சிக்கினு நிப்பான்."

அவள் திரும்பப் போகவில்லை. கிண்டி வேலையை விட்டுவிட்டு, படப்பைப் பக்கமே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்தாள். விவாகரத்துக்குச் சில வருஷம் இழுத்தது, கடைசியில் கிடைத்தது. எனக்குத்தான் அந்த ஸ்கூட்டர் சத்தம் காதை விட்டுப் போக நாளாயிற்று. நடைமேடையில் சுவரை ஒட்டியே நிற்பேன். மாடிப்படியில் யாராவது பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுவேன்.

அந்த நூலை இன்னொரு பிரதி வாங்கினேன். இப்போதும் கொடுக்கிறேன், கொடுக்க வேண்டிய நூல்தான். "ரயில்லயே படி, ஆபீஸ் டிராயர்ல வை, வீட்டுக்குக் கொண்டுபோகாதே" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அவள் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, அவனுக்கு மறுபடியும் கல்யாணம் ஆயிடுச்சாம்."

பெண் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நானும் விசாரித்துப் பார்த்தேன். அவர்கள் அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள்.