ஜாப் டைப்பிஸ்ட் ராஜம் வாசித்த பூவாடைப் பாட்டு

கடப்பாக்கம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் என் மனைவி ராஜத்துக்கு இப்போது ‘டைப் அடிக்கிற அம்மா’ என்று பெயர். பம்பைக் கோஷ்டிக்குச் சொல்ல வருகிறவர்கள் முதலில் அவள் வருவாளா என்றுதான் கேட்கிறார்கள். கோஷ்டி என்னுடையது. பொடியனாக இருந்த நாளிலிருந்து பம்பை அடிக்கிறவன் நான். ஆனால் என்னைக் காட்டி, “இவரு அந்தம்மா வூட்டுக்காரரு” என்கிறார்கள். எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் நீலமேகம். வீடு செங்கல்பட்டில். ராஜம் கோர்ட்டு வாசலில் ஜாப் டைப்பிங் செய்கிறாள். மனு, வக்காலத்து, பிரமாணப் பத்திரம், எது கொடுத்தாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். சங்கீதத்துக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் காது இருக்கிறதே, அது பொல்லாத காது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டே, “கடைசி மிஷினு, ‘ன’வுக்கு ‘க’ அடிக்கிற பாரு” என்பாளாம். ஒவ்வொரு எழுத்தும் பேப்பரில் விழும் சத்தம் வேறு வேறு என்று சொல்வாள். நான் நம்பாமல் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். மூக்குடைந்ததுதான் மிச்சம்.

எங்கள் கோஷ்டியில் பாடுகிறவர் அப்பாசாமி. உடுக்கையும் அவர்தான். ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். ராஜம் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து கேட்பாள். ஆசைப்படுகிறாளே என்று ஒரு ஆர்மோனியம் வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாரம் அதை நோண்டிவிட்டு மூடிவைத்துவிட்டாள்.

“இதுல அப்பாசாமி அண்ணாத்த பாட்டு இல்லய்யா” என்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கட்டையில கை வெச்சி பழகு, வரும்.”

“எங்க வெக்கிறது? அவரு நிக்கிற எடம் இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவுல கீது. அங்க பலகைதான் கீது.”

அவள் சொன்னது பொய்யில்லை. ஆர்மோனியத்தில் கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’வுக்குப் போகப் பன்னிரண்டு படிதான். மனிதனுடைய தொண்டைக்கு ஏது படி? அது சறுக்குமரம். அந்தக் காலத்தில் இருபத்திரண்டு சுருதி என்று கணக்கு வைத்திருந்தார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து எனக்கே சொன்னாள். இருபத்திரண்டும் போதாது என்று அடுத்த வாரம் சொன்னாள்.

பிறகு ஒருநாள் கோர்ட்டிலிருந்து வரும்போது மூன்று பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பிளைவுட் பலகையில் அவற்றைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினாள். வயர்களை லேப்டாப்பில் சொருகினாள். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு புரோகிராம், எந்த எழுத்தைத் தட்டினால் எந்த ஒலி வரவேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாமாம். பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கு நூலிழை வித்தியாசம் வைத்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டையில் நிற்காத விரல் இதில் நின்றது. டைப் பழக முதல் பாடமாக ‘யளனகப’ அடித்த விரலாயிற்றே, கண்ணை மூடிக்கொண்டே போகும்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அப்பாசாமிக்குக் கஷ்டகாலம். மனிதர் டீ கிளாஸைக் கையில் எடுத்தால் போதும், “அண்ணாத்த, அந்த ‘வாடி தாயே’ மட்டும் இன்னொருவாட்டி” என்பாள். அவர் இழுப்பார். இவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடுவாள். “இதுவா? இல்ல, இன்னும் கொஞ்சம் தூக்கலா கீது. இதுவா?” முதல் சில மாதம் அதைக் கேட்டுப் பல் கூசியது. மாடி வீட்டுக்காரர்கள் கிரைண்டர் ரிப்பேரா என்று கேட்டார்கள். நான் கத்தினேன், சோறு வேண்டாம் என்று எழுந்துகூடப் போனேன். அவள் அசரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பம்பைக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பாசாமி பாடுகிறார் என்று நினைத்தேன். வார்த்தை இல்லாமல் இழுக்கிறாரே என்று எட்டிப் பார்த்தால், இவள் தனியாக உட்கார்ந்து டைப் அடிக்கிறாள். அந்த ஒலி ஒரு இடத்தில் வந்து நின்று மெல்ல இறங்கியபோது வாரைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து.

இனிமேல் துர்காதேவி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்தக் குடும்பத்தில் பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணை முதலில் அழைக்கவேண்டும். அவளைப் பூவாடைக்காரி என்போம். தண்ணீர்க் கரையில் கரகம் ஜோடித்துவைத்து, பம்பை உடுக்கையோடு அவளை வர்ணித்துப் பாடுவோம். பாட்டு தைத்தால், அவள் உறவுக்காரர் யார் மேலாவது இறங்கி வாக்குக் கொடுப்பாள். வாக்கு வராமல் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட மாட்டார்கள்.

துர்காதேவி கடப்பாக்கத்துப் பெண். அப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. அம்மா ஞானம்பாள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும்போது, அங்கேயே வேலை பார்த்த ஹேமந்த் என்ற பையனைப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவும் சரி என்றுவிட்டார். பிடிவாதமாகக் குறுக்கே நின்றது அத்தை முனியம்மா. அப்பாவின் தங்கை. அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான், முறை மாப்பிள்ளை. தன் வீட்டுக்கு வரவேண்டிய பெண் வெளியே போகிறாளே என்று அவளுக்கு ஆற்றாமை. ஆற்றாமை இருக்கத்தானே செய்யும்.

முதல் தடவை பூவாடை அழைத்தபோது துர்காவின் அப்பா அமர்க்களமாக இருக்கட்டும் என்று கச்சேரி கீபோர்டுக்காரன் ஒருவனையும் சேர்த்துவிட்டார். ஆளுயர ஸ்பீக்கர் வேறு. உப்பங்கழிக் கரையில் காலையில் ஆரம்பித்தோம். அப்பாசாமி ‘வாடி தாயே’ என்று எடுத்தார். கீபோர்டுக்காரன் முகத்தைச் சுளித்தான். “அண்ணே, சுருதி சேரல, பொட்டிய கேட்டுப் பாடுங்க” என்று மைக்கிலேயே சொன்னான். அப்பாசாமிக்கு வெட்கமாகிவிட்டது. கம்பெனிக்காரன் செய்த பெட்டி தப்பாகவா இருக்கும் என்று நினைத்து, தன் குரலை இழுத்து அந்தக் கட்டையில் கொண்டுபோய் வைத்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை பாடினோம். ஒரு ஆள் உடம்பு அசையவில்லை.

முனியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எங்கண்ணிக்கு இஷ்டம் இல்ல, அதான் வரல. எம்புள்ளைக்குக் குடுக்கணும்னு அவ மனசுல கீது” என்றாள்.

ஊரே தலையாட்டியது. துர்கா மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அம்மாவுக்கே பிடிக்கவில்லை என்றால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அவள் அப்பா கடைசியில் ஒரு முடிவு சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை அழைப்பது. அப்போதும் ஞானம்பாள் வராவிட்டால், பெண் அத்தை வீட்டுக்கு. முனியம்மாவும் அதற்குச் சம்மதித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, கூட வந்திருந்த ராஜம் சொன்னாள்: “அப்பாசாமி அண்ணாத்த இன்னிக்கு தப்பா பாடினாரு.”

எனக்குச் சுருக்கென்றது. “அவரு பாட்டுக்கு நீ மார்க்கு போடறியா?”

“ஆரம்பிச்சது சரியாத்தான் ஆரம்பிச்சாரு. அப்புறம் அந்தப் பொட்டிக்குப் பயந்துகினு அவரு எடத்த வுட்டுட்டாரு. வெள்ளிக்கெழம நான் வரேன், என் பலகையோட.”

“கழியில போயி கம்ப்யூட்டர வெச்சிகினு ஒக்காந்தா ஜனங்க சிரிப்பாங்க ராஜம்.”

“சிரிக்கட்டும். அந்தப் பொண்ணு அழறதுக்கு இது தேவலாம்.”

வெள்ளிக்கிழமை வந்தது. கரகம் தயார். கீபோர்டுக்காரனை இந்தத் தடவை அழைக்கவில்லை. ராஜம் மணலில் பாயை விரித்து, பலகையை மடியில் வைத்து, லேப்டாப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைத்தாள். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. முனியம்மா கையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“இன்னாம்மா, எங்கண்ணிக்கு மனு எழுதப்போறியா?”

“ஆமா. சாட்சிக் கையெழுத்து நீ போடு” என்றாள் ராஜம்.

முனியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாசாமி எடுத்தார். குரலில் முதலில் பயம் இருந்தது, கூசிக் கூசிப் போனார். ‘வாடி தாயே’ என்று அந்த இடத்துக்கு வந்தபோது அவர் நின்ற இடத்தில் ராஜத்தின் ஒலியும் நின்றது. மேலும் இல்லை, கீழும் இல்லை. அப்பாசாமி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். அதற்கப்புறம் மனிதர் யாரையும் பார்க்கவில்லை. அவர் சறுக்கினால் இவள் விரலும் எழுத்தெழுத்தாகச் சறுக்கிப் போனது. நான் பம்பையை அடக்கி வாசித்தேன். ஞானம்பாள் நீச்சல் தெரியாமல் இந்தக் கழியில் விழுந்து சிரித்தது, பெண்ணுக்குத் தலைவாரிவிட்டது, காய்ச்சலிலும் அடுப்பு மூட்டியது என்று எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அப்பாசாமி கூப்பிட்டார். கரையில் பெண்கள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள்.

எனக்கு எதிரே கட்டிய கை அவிழ்ந்தது. முனியம்மாவின் கை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். கரையே எழுந்து நின்றது.

“வந்தது யாரு, பேர சொல்லு தாயே” என்றார் அப்பாசாமி.

“ஞானம்பா.”

“இன்னா வேணும் ஒனக்கு?”

“எம்பொண்ணு கைய புடிக்கிற புள்ள எங்க? கூப்புடு.”

ஹேமந்தைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். பையன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். ராஜம் நிறுத்தவில்லை. ஒலி அறுந்தால் வந்தவள் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்காமல் அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முனியம்மா கரகத்துக் குங்குமத்தை எடுத்து ஹேமந்த் நெற்றியில் அழுத்தி வைத்தாள். துர்காவின் கையைத் தேடிப் பிடித்து அவன் கையில் கொடுத்தாள்.

“இவனுக்கே குடு. எம்பொண்ணு அழக்கூடாது” என்றாள். அப்படியே சாய்ந்தாள்.

சாமி வந்ததே நடிப்பு என்று சொல்கிறவர்கள் எங்கும் உண்டு. அன்றைக்கு அந்த வாய்களும் மூடிக்கொண்டன. முனியம்மாவுக்கு நடிக்க என்ன அவசியம்? தன் மகனுக்கு வரவேண்டிய பெண்ணைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாளே.

முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். சாமி வந்தவர்களுக்குத் தாங்கள் சொன்னதோ, கேட்டதோ எதுவும் நினைவிருக்காது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணி வந்தாளா? யாரு மேல வந்தா?”

துர்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: “உம்மேலதான் அத்தே.”

“இன்னா சொன்னா?”

“இவருக்கே குடுன்னு.”

முனியம்மா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வரும், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்தேன். நாங்கள் வாத்தியங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தோம். ராஜம் வயர்களைச் சுற்றிவிட்டாள். அப்போது முனியம்மா எழுந்து, கூந்தலைக்கூட முடியாமல் நேராக அவளிடம் வந்தாள்.

“எல்லாரும் கேட்டீங்க. நான் ஒருத்திதான் கேக்கல. எங்கண்ணி எத கேட்டுகினு வந்தாளோ, அத எனக்கு ஒருவாட்டி வாசி.”

ராஜம் பாயை மறுபடி விரித்து வயர்களைச் சொருகினாள். பம்பை வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள். அப்பாசாமி உடுக்கையைத் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பாடினார். முனியம்மா ஸ்பீக்கருக்கு அருகில் காதைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு ஒலி விடாமல் கேட்டாள். ‘வாடி தாயே’ வந்த இடத்தில், “அண்ணி, அண்ணி” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஞானம்பாள் செத்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை என்று அப்புறம் சொன்னார்கள். ஏதோ பழைய சண்டையாம்.

பாட்டு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொண்டையை முடிந்தாள். தன் அண்ணனைப் பார்த்து அதட்டினாள்.

“இன்னா நின்னுகினு கீற? பந்தக்கால் எப்ப நடறது? மஞ்ச நாந்தான் பூசுவேன்.”