ஐம்பத்தெட்டு டிகிரி

அவருக்கு 'டிகிரி' என்று பெயர் வந்தது படிப்பால் அல்ல. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வருகிறவர் பெட்டியை மேசைமேல் வைப்பதற்குள் "எத்தனை டிகிரி ஓடுது?" என்று கேட்டுவிடுவார். தெரியாது என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார். பிராசசரை அதற்கென்று விதித்த வேகத்துக்கு மேல் ஓட்ட ஆசைப்பட்டு, ஓவர்கிளாக் செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஒரே பாட்டுத்தான்.

"முழு வேலை கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. எண்பதுக்குள்ள இருந்தா நிம்மதியா இருங்க. எண்பத்தஞ்சைத் தாண்டினா யோசிங்க. தொண்ணூறைத் தொட்டா வேகத்தைக் குறைங்க. நூறுன்னா அதுவே பயந்து வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் உங்களுக்குப் புத்தி வரலைன்னா என்கிட்ட வராதீங்க."

வீட்டில் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரும் ஓவர்கிளாக் செய்ததுதான். முழு வேலையில் எழுபத்தொன்பது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. சகலை குறுக்கே வரும்வரை அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன், மெத்தைக் கடை வைத்திருப்பவர். மெத்தை விற்கிற மனுஷனுக்கு இந்த வேலை எதற்கு? ஆனால் அவர் நாலு வீடியோ பார்த்தார், கண்ணாடிப் பெட்டி வாங்கினார், உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை இழுக்கிற கூலரை மாட்டினார், டிகிரியைவிட அதிக வேகத்துக்கு ஏற்றியும் விட்டார். அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிகிரியின் போனுக்கு ஒரு போட்டோ வரும். கூலர்மேல் இருக்கிற சின்னத் திரை, அதில் நீலமாக ஒரு எண்: ஐம்பத்தெட்டு.

டிகிரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தச் சின்னத் திரை எதை அளந்து காட்டுகிறது என்று தொழில் தெரிந்தவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பொறாமைக்கு யோசிக்க எங்கே நேரம்? பிராசசர்மேல் தடவுகிற பேஸ்டை மூன்று தடவை துடைத்து மறுபடி தடவினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். சகலையின் வேகத்தை எட்டிப்பிடிக்க வோல்டேஜை ஏற்றினார். வேகம் வந்தது, கூடவே தொண்ணூற்றிரண்டு டிகிரியும் வந்தது.

"கடைக்கு வர்றவங்களைத் தொண்ணூறுக்கே விரட்டுறீங்க, இது என்னவாம்?" என்றாள் மனைவி.

"இது வேற" என்றார். என்ன வேறு என்று அவருக்கும் தெரியாது.

மூன்று மாதம் இப்படி வெந்துகொண்டிருந்தபோது சகலையின் மனைவி, அவருடைய மச்சினி, போன் செய்தாள். அவள் வீடுகளின் உள் அலங்காரத்தைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து தருகிறவள். வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர், திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் புதன்கிழமைகூட முடியாது.

"அவரோடதுல ஓட்டலாம்னு இருக்கேன் மாமா. நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சரின்னுட்டீங்கன்னா எனக்குப் பயமில்ல."

சனிக்கிழமை காலை போனார். சகலை டீ போட உள்ளே போனதும், பிராசசருக்கு முழு வேலை கொடுத்துவிட்டு, அதன் சூட்டைக் காட்டுகிற, தான் கொண்டுபோன புரோகிராமைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் திரையில் எண் நின்றது. தொண்ணூற்றொன்பது.

கூலரின் சின்னத் திரையில் அதே ஐம்பத்தெட்டு. அது தண்ணீரின் சூடு, பிராசசருடையது அல்ல. தண்ணீரே ஐம்பத்தெட்டுக்குப் போகிறதென்றால் வெப்பம் வெளியேற வழியில்லை என்று அர்த்தம். எழுந்து பார்த்தார். சூடான காற்று மேல்பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே தூசி விழாமலிருக்க நாலாக மடித்த துண்டு, அதன்மேல் அவர்களுடைய கல்யாண போட்டோ. துண்டை ஒரு ஓரமாகத் தூக்கினார். குப்பென்று அனல் கையில் அடித்தது.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூன்று மாதம் தூக்கத்தைக் கெடுத்த எண் பொய். அந்தச் சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. துண்டை எடுத்துக் கீழே போட வேண்டியதுதான், வேகத்தை இரண்டு படி இறக்க வேண்டியதுதான். ஆனால் அப்படிச் செய்தால் நாளைக்கே பிராசசரே உண்மையாக அறுபது, எழுபதில் ஓடினாலும் ஓடும், தன் எழுபத்தொன்பது மறுபடி தோற்றுப்போகும். துண்டை இருந்தபடியே வைத்தார். போட்டோவையும் நேராக வைத்தார். புரோகிராமை மூடினார்.

சகலை டீயோடு வந்தார். "எப்படிண்ணா இருக்கு?"

"சூப்பர். ஓட்டுங்க."

சகலைக்கு முகமெல்லாம் பல். "இதை உங்க வாயால கேக்கணும்னுதாண்ணா மூணு மாசமா போட்டோ அனுப்பிட்டிருந்தேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டீயைத்தான் குடித்தார். வீட்டுக்குப் போய் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை போனைக் கையில் எடுத்தார். ஒன்றும் ஆகாது, சூடானால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் மச்சினி கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. நாலு தடவை அணைந்துவிட்டதாம். கடைசித் தடவை சேமித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து, ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறதாம்.

ஓடினார். ஃபைலை மீட்க மூன்று மணி நேரம் முட்டி மோதினார். பாதிகூடத் தேறவில்லை. அவர் சரி என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் இதற்கு மாற்றி, கடைசித் திருத்தங்களை இதிலேயே செய்திருக்கிறாள். சரியென்று சொன்னது யார்? அவர்தான். எழுந்து கல்யாண போட்டோவை நகர்த்தினார், துண்டை எடுத்தார்.

"இதுதான். சூடு வெளிய போகாம அடைச்சிருக்கு. வேகத்தைக் குறைச்சும் தாங்காம அணைஞ்சிருக்கு."

சகலை துண்டைப் பார்த்தார். "நேத்தும் அங்கதானேண்ணா இருந்துச்சு?"

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து எத்தனை டிகிரி ஓடுச்சு மாமா?"

இருபது வருஷமாக அவர் ஊரையெல்லாம் கேட்ட கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அவர்கள் நம்பியும் இருப்பார்கள். வாய் வரவில்லை.

"தொண்ணூத்தொன்பது" என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. சகலை அந்தத் துண்டை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். திங்கட்கிழமை அந்த ஆர்டர் வேறு யாருக்கோ கைமாறிப் போனது.

டிகிரி தன் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பழையபடி இறக்கிவிட்டார். எழுபத்தொன்பது. சாயங்காலம் ஏழு மணியானால் கை இன்னும் போனைத் தேடுகிறது. போட்டோ வருவதில்லை.