வாசலில் வைத்த மோப்பப் பெட்டி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ரசாயனக் கம்பெனியின் வாசலில் புதிதாக ஒரு பெட்டி வைத்தார்கள். உள்ளே போகிறவர் கையை வெள்ளைத் துணித் துண்டால் துடைத்து அதில் செருகினால், வெடிமருந்து பட்ட கையா என்று மோந்து சொல்லிவிடுமாம். எங்கள் புகைபோக்கி விடுகிற காற்றில் ஸ்டேஷன் வரை கண் எரியும். அதற்கு அந்தப் பெட்டி ஒரு நாளும் கத்தியதில்லை. நல்ல வளர்ப்பு.

பதினாறு வருடமாக நான் காண்ட்ராக்ட் ஆள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல். அதற்குப் போகிறவன் தனக்கு நிலம் இருக்கிறது என்று மூச்சுவிடக் கூடாது. நிலம் உள்ளவன் நடவுக்கும் அறுப்புக்கும் லீவு போடுவான் என்பது மேலிடத்தின் ஞானம். ஆகவே எங்களில் பாதிப் பேர் விடியலில் விவசாயி, கம்பெனி வாசலில் வயலையே பார்க்காதவர். நானும் அன்று நெல்லுக்கு உரம் தூவிவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் ரயிலேறி வந்தேன்.

பெட்டி கத்தியது.

சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். மறுபடியும் கத்தியது. சாப்பாட்டுப் பையைத் துடைத்தார்கள். தயிர்சாதமும் சந்தேகத்துக்கு ஆளானது. போலீசுக்குப் போன் போடப் போவதாகப் பாதுகாப்பு அதிகாரி சொன்னார். தினமும் என்னோடு டீ குடிக்கும் வாசல் காவலாளி குரலைத் தாழ்த்தினார்.

"எதுனா சொல்லுண்ணா. இப்பிடி ஊமையாட்டம் நின்னுகினு இருந்தா, இன்னா நெனைப்பாங்க?"

பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வெடிகுண்டுக்காரன், நிலக்காரன், இரண்டில் எதுவாக இருப்பது என்று யோசித்தேன். முன்னவனுக்கு வேலை கிடைக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றுகூடத் தோன்றியது.

"காலைல வயலுக்கு உரம் போட்டேன் சார்," என்றேன்.

அதிகாரிக்கு நிம்மதி. உரத்தில் இருக்கிற நைட்ரேட்டும் வெடிமருந்தில் இருப்பதும் பெட்டிக்கு ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். சொந்த வயலுக்கு உரம் இட்டவர் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒரு பிரதியை மேலேயும் அனுப்பினார். கடமை தவறாத மனிதர்.

நேர்காணல் அறைக்கு அந்தப் பிரதி எனக்கு முன்பே போய் மேஜையில் உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு நிலம்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒன்றர ஏக்கரு சார்."

வேறு கேள்வியே இல்லை. நன்றாக விளையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

மறுநாள் காண்ட்ராக்ட் அட்டையோடு முதல் ஷிப்டுக்குப் போனேன்.